போர்வைக்குப் பின்னால் ஒரு ஏசி

ஷார்ஜாவில் க்ரீக் என்கிற கடற்கழியை ஒட்டி, ஒரு காலத்தில் ஆட்கள் குடியிருந்த பழைய தெரு ஒன்று இருக்கிறது. பவளக்கல்லை அடுக்கிச் சாந்து பூசிய வீடுகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பித்தான் ஆக வேண்டும். வாசல்கள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. அடுத்த வீட்டு வாசலை முறைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள். தெரு நேராகவும் போவதில்லை. கொஞ்சம் நடந்தால் வளைகிறது. வளைந்த இடத்தில் நிழல் உட்கார்ந்திருக்கிறது, யாருக்கோ காத்திருப்பதுபோல.

இதை இடைக்காலத் தெரு என்று எழுதினால் வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வீடுகளுக்கு அத்தனை வயதில்லை, பாதி இடிந்ததைத் திரும்பக் கட்டியது என்பார்கள். வரட்டும். கல்லின் வயது வேறு, தெருவின் புத்தியின் வயது வேறு. வெயிலுக்கு ஒளிந்து, காற்றை மட்டும் விசாரித்து உள்ளே விட்டு, அந்நியன் கண்ணுக்கு முற்றத்தைக் காட்டாமல் ஒதுங்கிப் போகிற இந்தப் புத்தி, ஒட்டகமும் பாய்மரமும் மட்டும் இருந்த காலத்துப் புத்தி. அதைத்தான் நான் படம் பிடிக்க நினைத்தேன்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அதில் இந்த நூற்றாண்டு இருக்கக் கூடாது.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. போய் நின்று பாருங்கள். கதவு அழகாக இருக்கும், அதன் மேல் கேமரா ஒன்று கண் சிமிட்டும். கேமராவைத் தள்ளினால் ஒயர் வரும். ஒயரைத் தள்ளினால் பச்சைக் குப்பைத்தொட்டி. எல்லாம் ஒத்து வருகிற நேரத்தில் வழி தவறிய டெலிவரி பைக் ஒன்று, பின்னால் பிரியாணிப் பெட்டியோடு, பல நூறு வருடங்களைத் தாண்டி என் சட்டகத்துக்குள் வந்து நின்று, “பாய், பேங்க் கிதர் ஹை?” என்று பேங்குக்கு வழி கேட்கும்.

நான் குடியிருப்பது அஜ்மானில், வாடகை குறைவு. வேலை துபாயின் அல் குசைஸில், ஒரு கிடங்கின் அலுவலகத்தில். விடிந்தால் பஸ், பிறகு கணினி, பிறகு பஸ். வாரம் முழுக்க இந்த நூற்றாண்டு என் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நொடி எழுந்து நில் என்று சொல்லக்கூடாதா?

“உங்களுக்கு விசர்,” என்றாள் என் மனைவி. அவள் ஊரில் விசர் என்றால் பைத்தியம். அவள் யாழ்ப்பாணம், நான் விருதுநகர்ப் பக்கம். இந்த மண்ணில்தான் சந்தித்தோம். எங்கள் வீட்டில் சண்டை இரண்டு தமிழில் நடக்கும். பெரும்பாலும் அவளுடைய தமிழ்தான் ஜெயிக்கும்.

படம் பிடிக்கப் போவதற்கு வண்டி வேண்டும். என்னிடம் லைசென்ஸ் இல்லை. ஓட்டுநர் தேர்வில் நான் தோற்ற கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அப்போதுதான் தம்பி வந்தான். உடன்பிறந்த தம்பி இல்லை. எங்கள் கிடங்கின் ஏசிகளுக்கெல்லாம் அவன்தான் டாக்டர், பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன். ஞாயிறன்று கம்பெனி வேனை எடுத்துக்கொள்ள ஃபோர்மேன் அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

“வண்டி நான் கொண்டாறேண்ணே. பதிலுக்கு எனக்கு ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்.”

“அதுக்கு நான் எதுக்குடா? உலகத்துலயே உசந்த டவர் இங்கதான் இருக்கு. அது முன்னாடி நின்னு ஒரு செல்ஃபி எடுத்து அனுப்பு.”

“அதாண்ணே பிரச்சினையே.”

பெண்ணுக்கு அப்பா இல்லை; தாய்மாமாதான் எல்லாம் பார்க்கிறார். அவருக்கு முன்பே சில வளைகுடா மாப்பிள்ளைகளின் படங்கள் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் பின்னால் அதே டவர், அதே நீரூற்று. இரண்டு பேர் போட்டிருந்த கூலிங்கிளாஸ்கூட ஒன்றேதான். மாமா கடுப்பாகி, நடுவில் நின்று பேசுகிற தம்பியின் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார்: “கட்டடம் முன்னாடி நிக்கிறவன் எவனும் கட்டடத்துக்குள்ள இருக்கிறவன் இல்ல. பையன் புழங்குற இடத்துல எடுத்த போட்டோ வரட்டும், பாக்கலாம்.”

தம்பி புழங்குகிற இடம் லேபர் கேம்ப். இரண்டடுக்குக் கட்டில்கள், குறுக்கும் நெடுக்கும் கயிறு, கயிறு முழுக்க லுங்கிகள். “அதை அனுப்பினா, மாப்பிள்ள ரயில் பெட்டியில குடியிருக்கான்னு சொல்லுவாங்கண்ணே,” என்றான்.

அவனுக்கு முப்பத்து மூன்று முடியப் போகிறது. இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப் போயிருந்தன. அடுத்த மாதம் லீவு. அதற்குள் பேச்சு முடியவில்லை என்றால் அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான். அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்தும் போயிருந்தது. போனைத் திறந்து காட்டினான்.

“மெடிக்கல் ஷாப்ல பில் போடுறாங்க. பாருங்க, சிரிக்கவே இல்ல. எல்லாரும் போட்டோன்னா சிரிப்பாங்க. இவங்க, ‘இப்ப எதுக்கு எடுக்குற’ங்கிற மாதிரி பாக்குறாங்க. எனக்கு அதாண்ணே புடிச்சிருக்கு.”

அந்த முகத்துக்குப் பதில் சொல்ல ஒரு படம் வேண்டும். என் தெருவைவிடத் தகுந்த இடம் எது? பழமை, கௌரவம், நிழல், செதுக்கிய கதவு. நான் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன். என் மனதுக்குள் அந்தப் படம் ஏற்கெனவே கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விட்டது.

ஞாயிறு காலை கிளம்பினோம். மனைவி ஃப்ளாஸ்கில் தேநீரும் ஒரு டப்பா பருத்தித்துறை வடையும் எடுத்துக்கொண்டாள். தெருவுக்குள் நுழைந்ததும் தம்பி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். நான் நெகிழ்ந்துபோனேன். பழமையின் மௌனம் அவனுக்கும் கேட்கிறதே!

“அண்ணே, கம்ப்ரசர் இழுக்குது.”

“என்ன?”

“அந்த மரச்சட்டம் போட்ட பொட்டி இருக்குல்ல? உள்ள அவுட்டோர் யூனிட்டு. பாவம், திணறுது. சர்வீஸ் பண்ணி ரொம்ப நாளாயிருக்கும்.”

நான் மயங்கி நின்ற கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு யூனிட், மரச்சட்டமும் இல்லாமல், வெள்ளை வெளேரென்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கோணத்தில் நின்றாலும் அது உள்ளே வந்தது. கல்யாண வீட்டில் எல்லாப் போட்டோவிலும் வந்து நிற்கிற தூரத்துச் சொந்தம்போல.

“மறைக்க வழி இருக்கா?”

தம்பி ஓடிப்போய் வேனிலிருந்து ஒரு பெரிய துணியை எடுத்து வந்தான். வீடுகளில் ஏசி கழுவும்போது சோபா மேல் போர்த்துகிற போர்வை. பல வருடத் தூசியைக் குடித்து, பவளக்கல் சுவரின் நிறத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. அதை விரித்துப் பிடித்து அதற்குப் பின்னால் நின்றுகொண்டான்.

“தெரியுதாண்ணே?”

“காலு தெரியுது.”

“தூக்கிக்கவா?”

“ரெண்டையும் எப்படிடா தூக்குவ?”

“ஒவ்வொரு காலா தூக்குறேன், தனித்தனியா எடுத்து ஒட்டிக்க முடியாதா?”

முதலில் ஆளில்லாத தெருவை எடுத்தேன். பிறகு மேகம் வந்தது. மேகம் போனது. ஒரு பூனை நடுத்தெருவில் வந்து உட்கார்ந்தது. பூனை எந்தக் காலத்துக்கும் பொருந்தும் என்பதால் விட்டேன். போர்வைக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது, “யல்லா அண்ணே, ஜல்தி அண்ணே,” என்று குரல் வந்தது. யூனிட்டின் சூடான காற்று முழுவதும் அவன் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. என் மனைவிக்கு உறைத்தது.

“இஞ்ச பாருங்கோ, அந்தப் பெடியன் அவிஞ்சு போறான். உங்கட இடைக்காலத்தை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டு அவனுக்குத் தேத்தண்ணி குடுங்கோ.”

போர்வையை அப்படியே தலைமேல் போட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் வெளியே நீட்டி, இரண்டு கையையும் அகல விரித்தபடி, “போதுமாண்ணே? இல்ல சொவத்தோட சொவரா பூசிடப் போறீங்களா?” என்று கத்தினான் தம்பி. மனைவி சிரித்துக்கொண்டே தன் போனில் அதை ஒரு படம் எடுத்தாள். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. போனில் எடுப்பதெல்லாம் படமா?

பிறகு அவன் முறை. போர்வையை யூனிட் மேல் டேப் போட்டு ஒட்டினோம். தம்பி வெள்ளைச் சட்டை போட்டு, அறை நண்பனிடம் வாங்கிய கைக்கடிகாரத்தோடு வந்திருந்தான்.

“வாட்ச்ச கழட்டு.”

“அண்ணே, அதுக்குன்னே கேட்டு வாங்கியாந்தேன்.”

“அந்தக் காலத்துல வாட்ச் ஏது? போனையும் வண்டியில வை. ஷூவையும்.”

“ஷூவுமா?”

“தம்பி, கலையைப் பத்தி உனக்குத் தெரியாது.”

வெறுங்காலோடு நின்றான். வெயில் சாய்வாக இறங்கி, சுவரில் இருந்த ஒவ்வொரு பவளத் துளைக்கும் ஒரு சிறு நிழலைக் கொடுத்தது. கதவின் ஆணிகள் அவன் விரலுக்குக் கீழே மங்கலாக மின்னின. ஒயர் இல்லை. கேமரா இல்லை. தொட்டி இல்லை. தெருவுக்கு அப்பாலிருந்து காற்று வந்து அவன் சட்டைக் கழுத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. நான் பொத்தானை அழுத்தினேன். அப்படியொரு ஒளி எனக்கு அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

வேனில் திரும்பும்போது மனைவியிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள்.

“வடிவாத்தான் இருக்கு,” என்றாள். “ஆனா கலியாணப் படமோ இது?”

கலை பற்றி இவளுக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே படம் சித்தப்பாவுக்குப் போய், அங்கிருந்து ‘பையன் புழங்குற இடம்’ என்ற குறிப்போடு பெண் வீட்டுக்குப் போனது. மனைவி அனுப்பிய போர்வைப் படத்தைத் தம்பி ரசித்து ரசித்துப் பார்த்துத் தன் வாட்ஸ்அப் டிபியாக வைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து, அலுவலக ஏசியைப் பார்க்கிற சாக்கில் என் மேசைக்கு வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. போனை என் காதில் வைத்தான். தாய்மாமாவின் குரல் பதிவு; சித்தப்பா அப்படியே அனுப்பியிருந்தார்.

“பையன் நல்லாத்தாங்க இருக்கான், கொற சொல்லல. ஆனா வீட்டுல கரண்ட் இல்லீங்களே! நானும் என் சம்சாரமும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தோம். ஒரு ஒயர் உண்டா? ஒரு பல்பு உண்டா? மீட்டர் பொட்டி உண்டா? சொவரு முழுக்க ஓட்ட. கால்ல செருப்புகூட இல்லீங்க. எங்க ஆட்டுக் கொட்டாய்க்கே லைட்டு இருக்குது. துபாய்ல இப்படி ஒரு இடம் இருக்குதுன்னு இன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அங்க எப்படிங்க பொண்ணக் குடுக்கிறது?”

ஊரில் ஷார்ஜா, அஜ்மான் எல்லாமே துபாய்தான். அதை விடுங்கள். என் படத்தை இத்தனை உன்னிப்பாக இதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் வியர்க்க வியர்க்க எதையெல்லாம் வெளியே தள்ளினேனோ, அத்தனையையும் அந்த மனிதர் ஒன்று விடாமல் தேடியிருக்கிறார். பரவசப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துப் பரவசத்தை விழுங்கிக்கொண்டேன்.

“சித்தப்பாகிட்ட உண்மையச் சொல்லச் சொல்லேன்? அது நம்ம வீடு இல்ல, பழைய தெருன்னு?”

“சொன்னா, அப்ப எதுக்கு அதைக் காட்டினீங்கன்னு கேப்பாங்க. கேம்ப்புன்னும் சொல்லணும்.” கொஞ்ச நேரம் ஏசியையே பார்த்தான். “அண்ணே, கரண்ட் இருக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துருவோமா?”

அடுத்த ஞாயிறு அதே தெரு, அதே கதவு. இந்த முறை இந்த நூற்றாண்டில் ஒன்றும் விடுபடக் கூடாது. போர்வை வேனைவிட்டு இறங்கவில்லை. தம்பி கைக்கடிகாரம், ஷூ, கையில் போன் சகிதமாக, அந்த வெள்ளை யூனிட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான், வாங்கிய மாட்டைத் தட்டிக்கொடுப்பவனைப்போல. ஒயரைச் சேர்த்தேன். கண்காணிப்புக் கேமராவைச் சேர்த்தேன். சற்றுத் தள்ளி நின்றபோது தெருவுக்குப் பின்னால் ஓர் உயரக் கட்டடம் எட்டிப் பார்த்தது; “வா, வா,” என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

“குப்பைத்தொட்டிண்ணே?”

“இருக்கட்டும். முனிசிபாலிட்டி இருக்குன்னு தெரியட்டும்.”

வழிதவறிய டெலிவரி பைக் வேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தோம். வேண்டும் என்று நினைக்கிற அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. மனைவி வேனை விட்டு இறங்கவே இல்லை. “ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் பெடியன்ர வாழ்க்கையைப் படமா எடுத்து முடிச்சிட்டு வாங்கோ,” என்று வடையைக் கடித்தாள். ‘ரெண்டு பேரும்’ என்றாள். அதில் தம்பி எப்படி இரண்டாவது ஆள் என்று நான் கேட்கவில்லை.

இந்த முறை பதில் அன்றைக்கே வந்தது.

“போன வாரம் கரண்டே இல்லாத வீட்டுல இந்த வாரம் ஏசி ஓடுது. அதே கதவு, அதே ஆணி, எண்ணிப் பாத்துட்டேன். கம்ப்யூட்டர்ல ஒட்டுற வேலையெல்லாம் எங்க ஊருலயும் பசங்க பண்றானுங்க. இல்லாததுகூடப் பரவால்லீங்க, பொய்யி வேணாம். விட்டுருங்க.”

தம்பி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “கலாஸ்ணே, முடிஞ்சுது,” என்றான். வேனைக் கிளப்பினான். எங்களை அஜ்மானில் இறக்கிவிட்டுப் போனான். அந்த வாரம் எங்கள் தளத்தில் ஏசி ஒழுகியது. வேறு டெக்னீஷியன் வந்தான்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு வாசலில் ஹார்ன் கேட்டது. என் மனைவியை லுலு சூப்பர்மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்க அழைத்துப் போவதாக அவன் முன்பே சொல்லியிருந்தானாம். சொன்னதற்காக வந்திருந்தான். நான் கேமராவை எடுக்கவில்லை. ஷார்ஜா சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. ஊர் எண், தெரியாத எண். பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

“நாந்தாங்க... மெடிக்கல்ல பில் போடுறேன்ல, அந்தப் பொண்ணு. உங்க சித்தப்பாகிட்ட நம்பர் வாங்குனேன். மாமாவுக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வச்சிடுறேன்.”

“கே... கேளுங்க.”

“உங்க டிபில எதுக்குப் போர்வையப் போத்திக்கிட்டு கைய விரிச்சு நிக்கிறீங்க?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் கைஜாடையில், நாடகம், கூத்து, குளிர் என்று எனக்குத் தெரிந்த பொய்களையெல்லாம் காட்டினேன். பின்னாலிருந்து மனைவி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, மெல்லச் சொன்னாள்: “உள்ளதைச் சொல்லு தம்பி.”

“ஏசிய மறைக்கிறேங்க.”

“ஏசியவா? எதுக்கு?”

“இங்க எங்க அண்ணன் ஒருத்தர் இருக்காருங்க. அவருக்கு போட்டோல ஏசி இருந்தா புடிக்காது.”

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“ஏசி மெக்கானிக்குங்க.”

தொடர்பு போய்விட்டது என்றே நினைத்தோம். பிறகு ஒரு சிரிப்பு வந்தது. அடக்கி, அடக்க முடியாமல் உடைந்து, மருந்துக் கடை முழுக்கச் சிதறியிருக்கும் போலிருந்தது. புகைப்படத்தில் சிரிக்காத பெண்.

“அப்ப அது உங்க வீடு இல்ல?”

“இல்லீங்க. அது மியூசியம் மாதிரி சும்மா பாக்குறதுக்கு வச்சிருக்கிற தெரு. யாரும் குடியில்ல. நான் கேம்ப்ல இருக்கேன். ரூம்ல ஆறு பேரு. கயிறு கட்டி லுங்கி காயப் போட்டிருப்போம்.”

“அங்க கரண்ட் இருக்கா?”

“இருக்குங்க. ஏசியும் இருக்கு. நாந்தான் சர்வீஸ் பண்றேன். நல்லா கூலிங் வரும்.”

“அப்ப அந்த ரூம எடுத்து அனுப்புங்க. லுங்கியெல்லாம் எடுத்து ஒளிச்சு வைக்காம அப்படியே எடுங்க. மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். அப்புறம்... தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த அண்ணன எடுக்க விடாதீங்க.”

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் பெட்ரோல் பங்கின் விலைப் பலகையை மிகுந்த ஈடுபாட்டோடு படித்துக்கொண்டிருந்தேன்.

அறைப் படத்தை மேல் கட்டில் பீகார்க்காரர் எடுத்தார். கோணல். பாதிப் படம் லுங்கி. தம்பி கட்டில் விளிம்பில் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் ஏசி. மாமா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது பொய்யி இல்ல,” என்று சொன்னாராம். லீவுக்குள் எல்லாம் முடிந்தது.

கல்யாணத்தன்று எங்களால் போக முடியவில்லை. அவன் ஊர் முக்கில் நண்பர்கள் வைத்த ஃப்ளெக்ஸ் பேனரின் படத்தை அனுப்பியிருந்தான். ‘இருக்கிறதுலயே வெயிட்டான பேக்ரவுண்டு நீங்க எடுத்ததுதான்னு பசங்க சொல்லிட்டானுங்கண்ணே’ என்ற குறிப்போடு.

ஆமாம், என் தெருதான். பனை உயரத்துக்கு, பெரம்பலூர் வெயிலில். அதன் பின்னால் உலகத்தின் உயரமான டவரை நட்டிருந்தார்கள். டவரை உரசிக்கொண்டு ஒரு விமானம். வளைவில் நிழல் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒட்டகம். தம்பியின் கழுத்துக்குக் கீழே யாருடையதோ கோட்டும் சூட்டும். வெறுங்காலுக்குப் பளபளக்கும் ஷூ. மூலையில் வட்டத்துக்குள் போர்வைப் படம், மணமகள் கேட்டு வாங்கிப் போட்டதாம். அடியில் தபால்தலை அளவில் நண்பர்கள் வரிசையாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில், நான் டேப் போட்டுப் போர்வை ஒட்டி மறைத்த அதே இடத்தில், மிகச் சரியாக அதே இடத்தில், புத்தம் புது ஸ்ப்ளிட் ஏசி ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து நீலக் கோடுகளாகக் காற்று இறங்கி மணமகளின் கூந்தலை அசைத்துக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை.

நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். விமானத்துக்கும் ஒட்டகத்துக்கும் நடுவே, சுவரின் பவளத் துளைகளில், அந்தச் சாய்ந்த ஒளி அப்படியே இருந்தது. அதை மட்டும் யாரும் தொடவில்லை.

மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இப்பத்தான் ஆக்கள் குடியிருக்கிற தெரு மாதிரி இருக்கு,” என்றாள்.